தர்ஷிகாவின் புங்கங்கன்று

அக்கா, அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிடுங்களேன். தெரியும், புழுக்கமாகத்தான் இருக்கும். கொஞ்ச தூரம்தான், பைபாஸ் தாண்டியதும் நானே தூக்கிவிடுகிறேன். இந்தப் பக்கம் இப்போது மரம் வரும். பெரிய மரம் இல்லை, நெஞ்சுயரக் கன்றுகள். வரிசை வரிசையாக, பச்சையாக, பார்க்க அழகாகக்கூட இருக்கும். அதன்மேல் பட்டு வருகிற காற்று என் பிள்ளைமேல் படக்கூடாது.

நன்றி அக்கா.

ஐயோ, பிள்ளை கையைத் தொடாதீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைச் சொல்லவில்லை. ஒட்டிக்கொள்கிற நோயும் இல்லை, பயப்படாதீர்கள், டாக்டரிடம் கேட்டுவிட்டேன். பிள்ளைக்குத்தான் வலிக்கும். இந்தத் துண்டை விலக்கினால் பாருங்கள், முழங்கைக்கு உள்பக்கம், கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்னால். முதலில் சிவக்கும், அப்புறம் வெள்ளையாகச் செதில் விடும், அப்புறம் வெடிக்கும். எட்டு மாதப் பிள்ளைக்குத் தோல் வெடிக்குமா அக்கா? வயல்காட்டில் வேலை செய்கிற கிழவன் குதிங்கால் மாதிரி வெடிக்குமா? ராத்திரி முழுக்கச் சொறிகிறாள். கையில் சாக்ஸ் மாட்டிவிட்டிருக்கிறேன். பேர் தர்ஷிகா. சிரிக்கிற பிள்ளைதான். இப்போதுதான் சிரிப்பதில்லை.

பாளையங்கோட்டைக்குப் போகிறேன், என் அம்மா வீட்டுக்கு. தூத்துக்குடியில் மாறணும், இல்லையா? இல்லை, என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அவர் வால்வு திறக்கப் போன நேரம் பார்த்துக் கிளம்பிவிட்டேன். இதோ, பைக்குள் போன் அடிக்கிறதே, அவர்தான். அடிக்கட்டும்.

நான் அப்படியெல்லாம் வீட்டைவிட்டு வருகிற ஆள் இல்லை அக்கா. என்னைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். நான் கான்வென்டில் படித்தவள். எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை ஒரே கான்வென்ட். திங்கட்கிழமை தோறும் சிஸ்டர் பெனிக்னா எங்கள் நகத்தைப் பார்ப்பார்கள். கையைத் திருப்பு, விரலை விரி, ரிப்பனைக் காட்டு. நகத்துக்குள் ஒரு கோடு அழுக்கு இருந்தாலும் பிரேயர் முடியும்வரை முட்டி போடணும். நான் ஒரு தடவைகூட முட்டி போட்டதில்லை. சுத்தத்துக்கென்று வருஷா வருஷம் ஒரு பரிசு கொடுப்பார்கள், சின்ன சோப்பு டப்பா. அம்மா வீட்டில் அலமாரி நிறைய சோப்பு டப்பாதான். கொதிக்க வைக்காத தண்ணீரை நாக்கில் வைக்கக்கூடாது என்று சிஸ்டர் சொன்னதை இன்றுவரை மீறியதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கொடுத்தால் கையில் வாங்கிக்கொள்வேன், குடிப்பதுபோல வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் எங்கே கொடுத்தார்கள் தெரியுமா? ஒட்டனேந்தல். ராமநாதபுரம் பக்கம். மழை என்றால் ஐப்பசியில் நாலு நாள். மற்ற மாதமெல்லாம் வானமும் வேலிக்கருவையும்தான். மாப்பிள்ளை அரசாங்கத் தண்ணீர்த் திட்டத்தில் இருக்கிறார் என்றார் தரகர். எங்கள் அப்பா குடிதண்ணீர் என்று நினைத்துக்கொண்டார். மாப்பிள்ளை பேர் வழிவிட்டான். சிரிக்காதீர்கள் அக்கா, அங்கே அது சாமி பேர். பத்திரிகை கொடுக்கப் போனபோது என் சிநேகிதிகள் எல்லாம் சிரித்தார்கள்.

மறுவீடு முடிந்து வந்த வாரத்தில்தான் கேட்டேன், "உங்க திட்டத்துல எந்த ஆத்துத் தண்ணி வருது?" என்று.

"ஆறா? டவுனுதான் நமக்கு ஆறு" என்றார்.

டவுன் சாக்கடை அக்கா. டவுனில் எல்லா வீட்டுக் குளியலறையும், எல்லா வீட்டுக் கக்கூஸும், எல்லா ஓட்டல் கழுவுத் தொட்டியும். அதையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, தொட்டி தொட்டியாகத் தேக்கி, காற்றை விட்டுக் கலக்கி, மணலில் வடித்து, மருந்து போட்டு, குழாயில் எங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள். வேலிக்கருவையை வேரோடு பிடுங்கிவிட்டு அந்த வெறும் பொட்டலில் கன்று வைத்திருக்கிறார்கள். வேம்பு, புங்கை, நாவல், மருதம். ஒவ்வொரு கன்றுக்கும் காலடியில் ஒரு சொட்டுக்குழாய். பொழுதுக்கும் அந்தத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் வரிசை வரிசையாக வால்வைத் திறப்பார், மூடுவார், எந்தச் சொட்டு அடைத்திருக்கிறது என்று பார்த்து எடுப்பார். அதுதான் அரசாங்கத் தண்ணீர் வேலை.

அவருக்கு ஓர் அக்கா உண்டு, எனக்கு மதினி, பேர் பஞ்சவர்ணம். பக்கத்து வீடு. வாய் சும்மா இருக்காது. "டவுன்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டு விடுறான், என் தம்பி மூக்கைப் பொத்தாம பிடிக்கிறான்" என்று சொல்லி அவளே சிரிப்பாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அவருக்கு அந்தத் தண்ணீர்மேல் அப்படியொரு பெருமை. ஒருநாள் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார், எனக்குக் காட்ட. லேசாகத் தேநீர் நிறம். "மோந்து பாரு பிரமிளா, நாத்தமே இருக்காது. செடிக்கு இது பால் மாதிரி" என்றார். அப்போது பிள்ளை வயிற்றில் ஆறு மாதம். நான் போட்ட கூச்சலில் மதினி ஓடிவந்துவிட்டாள். வீட்டுக்குள் அந்த பாட்டிலை வைத்த இடத்தை மூன்று தடவை கழுவினேன்.

பால் மாதிரியாம்.

இதைக் கேளுங்கள். பிள்ளை ஐப்பசியில் பிறந்தாள். மார்கழியில் கன்று நடுகிற விழா வைத்தார்கள். அந்த வருஷம் ஊரில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கன்று, பிள்ளை பேரை எழுதித் தகரப்பலகை கட்டுவதென்று யாரோ ஓர் அதிகாரிக்கு யோசனை. பந்தல் போட்டு, மைக் வைத்து, எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். என் பிள்ளைக்குப் புங்கை. 'தர்ஷிகா' என்று பச்சைப் பெயிண்டில் எழுதி, கம்பியால் குச்சியில் கட்டி, அதன் காலடியில் அந்தக் குழாயையும் செருகினார் என் வீட்டுக்காரர். முதல் சொட்டு விழுந்ததும் கை தட்டினார்கள் அக்கா. என் பிள்ளை பேருக்குக் கீழே ஊர்ச் சாக்கடை சொட்டுகிறது, ஊரே கை தட்டுகிறது.

மதினி என் தோளில் இடித்து, "ஏத்தா கான்வென்டு, ஏன் மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்க? பேர் வச்ச மரம் தளதளன்னு வந்தா பிள்ளையும் தளதளன்னு வரும். அதுக்கு என்ன ஊத்துறமோ அதுதான் பிள்ளைக்கு" என்றாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. மரத்துக்கும் பிள்ளைக்கும் என்ன இருக்கிறது? ஆனால் சொன்ன வார்த்தை போகாது அக்கா. அதுக்கு என்ன ஊத்துறமோ அதுதான் பிள்ளைக்கு. பால் கொடுக்கும்போதெல்லாம் அது காதில் விழும்.

மாசியில் ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். தூரத்திலிருந்தே பார்த்தேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடைத்துப்போன ஒரு சொட்டுக்குழாயைப் பிடுங்கி, வாயில் வைத்து ஊதுகிறார். வாயில் அக்கா. ஊதிவிட்டு, காறித் துப்பிவிட்டு, மறுபடி வைத்து ஊதுகிறார். அன்று சாயங்காலம் அதே வாயால் பிள்ளை கன்னத்தில் முத்தம். நான் பிள்ளையைப் பறித்துக்கொண்டேன். அதிலிருந்து சட்டம் போட்டேன். வாசலிலேயே குளியல், வாசலிலேயே உடை மாற்றல், பிள்ளையைத் தூக்கக்கூடாது, பார்க்கலாம். அவர் கட்டிலில் இருந்தும் பிள்ளை தொட்டிலில் இருந்தும் கையை ஆட்டி விளையாடுவார்கள். அவருக்கா? அவருக்கு ஒரு தும்மல்கூட வராது. கல் மாதிரி உடம்பு. அந்தத் தண்ணீரெல்லாம் அவரை ஒன்றும் செய்யாது. பச்சைப் பிள்ளைதானே இலக்கு?

பங்குனியில் ஆரம்பித்தது. முழங்காலுக்குப் பின்னால் ஒரு சிவப்பு, மிளகளவு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு கான்வென்ட் பிள்ளை என்ன செய்வாளோ அதைச் செய்தேன். சுத்தம். ஒரு வேளைக் குளியலை மூன்று வேளையாக்கினேன். ஆனால் எந்தத் தண்ணீரில்? எங்கள் ஊரில் குடிதண்ணீர்க் குழாய் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. போர்வெல் தண்ணீர் உப்பு, பாத்திரத்தில் மஞ்சளாகப் படியும். அதில் என் பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது? அப்போதுதான் அதைக் கண்டுபிடித்தேன். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு என்மேலேயே பெருமை.

எங்கள் ஊர் முச்சந்தியில் ஓர் ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறார்கள். காசு போட்டால் கேனில் குடிதண்ணீர் விழும். அந்தப் போர் தண்ணீரைத்தான் சுத்தம் பண்ணித் தருகிறது. முன்பக்கக் குழாயில் ஒல்லியாக நூல் மாதிரி விழும். ஆனால் மெஷினுக்குப் பின்பக்கம் இன்னொரு குழாய் இருக்கிறது அக்கா. அதில் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது! கண்ணாடி மாதிரி. ஒரு தூசி கிடையாது, மஞ்சள் கிடையாது. அப்படியே வாய்க்காலில் ஓடி வீணாகப் போகிறது. யாரும் ஒரு குடம்கூடப் பிடிப்பதில்லை. என்ன ஜனங்களோ!

மெஷினைப் பார்த்துக்கொள்கிற கருப்பையா அண்ணன், "அதைப் பிடிக்காதம்மா, அது கழிவுத் தண்ணி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. காசு வாங்கி விற்க முடியாததையெல்லாம் கழிவு என்கிறார்கள். டவுன் கக்கூஸ் தண்ணீர் மரத்துக்குப் பால், மெஷினுக்குள் போய்க் குளித்துவிட்டு வருகிற தண்ணீர் கழிவு! இந்த ஊர் நியாயம் இப்படி.

அந்த வாய்க்காலைப் பார்க்கணும் நீங்கள். அவ்வளவு சுத்தம். ஒரு புல் கிடையாது, ஒரு பூண்டு கிடையாது, கொசு கிடையாது. ஓரமெல்லாம் பிளீச்சிங் பவுடர் தெளித்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆடு மாடுகூட வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆட்டுக்கு என்ன தெரியும்? அழுக்கு தின்கிற ஜென்மம். அதில் பிள்ளையைக் குளிப்பாட்டினால் சோப்பு நுரைக்கவே நுரைக்காது. அழுக்கு இருந்தால்தானே நுரைக்கிறதுக்கு?

மூன்று வேளையும் அந்தத் தண்ணீர். அதில் ரெண்டு மூடி டெட்டால். துடைத்து, பவுடர் போட்டு, வெள்ளைத் துணி சுற்றி. எந்தத் தாய் செய்வாள் இவ்வளவு? இருந்தும் பரவியது அக்கா. மிளகளவு இருந்தது காசளவு ஆனது, முழங்காலில் இருந்தது இடுப்புக்கு ஏறியது. நான் சுத்தம் பண்ணப் பண்ண அது ஏறுகிறது என்றால் அதற்கு என்ன அர்த்தம்? அந்தப் பக்கமிருந்து விஷம் வந்துகொண்டே இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒரு பக்கம் நான் இறைக்கிறேன், மறுபக்கம் ஊற்று ஊறுகிறது.

டாக்டரிடம் போனேன். டவுனில் பெரிய பெயர், காலையிலிருந்து வரிசை. களிம்பு எழுதிக் கொடுத்தார். "என்ன தண்ணியிலம்மா குளிப்பாட்டுறீங்க?" என்று கேட்டார். "ஆர்.ஓ. மெஷின் தண்ணி டாக்டர்" என்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "குளிக்கவே ஆர்.ஓ. தண்ணியா? வெரி குட். அதையே கன்டினியூ பண்ணுங்க" என்றார். என் பக்கத்தில் நின்ற மதினியை நான் ஒரு பார்வை பார்த்தேன். கான்வென்டு கான்வென்டு என்று நக்கல் பண்ணுவாளே, இப்போது டாக்டரே சொல்லிவிட்டார்.

அவள் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். "எந்தக் குழாய்னு சொன்னியாத்தா நீ? எந்தக் குழாய்னு சொல்லலையே."

எந்தக் குழாயாக இருந்தால் என்ன அக்கா? மெஷின் ஒன்றுதானே?

அன்று ராத்திரி பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியபிறகு எனக்கு அந்த வார்த்தை மறுபடி வந்தது. அதுக்கு என்ன ஊத்துறமோ. நான் பிள்ளையை மட்டும் கழுவிக்கொண்டிருக்கிறேன், அங்கே அவள் பேரின் காலடியில் ராத்திரி பகலாக அது சொட்டிக்கொண்டிருக்கிறதே! எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொன்னேன். இல்லைதான். ஆனால் பிள்ளை விஷயத்தில் நம்பிக்கை இல்லாததையும் செய்துதானே பார்க்கணும்? மறுநாள் அவர் அந்தக் கோடியில் இருந்தபோது போய், தர்ஷிகா கன்றின் சொட்டுக்குழாயைப் பிடுங்கி, மடக்கி, என் ரிப்பனால் இறுக்கிக் கட்டினேன். மெஷின் பின்குழாயில் பிடித்த தண்ணீரை ஒரு குடம் ஊற்றினேன். தினம் ஒரு குடம். இடுப்பில் பிள்ளை, மறு இடுப்பில் குடம். எல்லாக் கன்றும் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது, என் பிள்ளைக் கன்றுக்கு மட்டும் குடம் நிறைய நல்ல தண்ணீர்.

முதல் வாரமே இலை நுனி கருக ஆரம்பித்தது. தீக்குச்சியால் சுட்ட மாதிரி ஓரமெல்லாம் பழுப்பு. பக்கத்தில் இருக்கிற கன்றுகள், பேர் வைக்காத கன்றுகள், வெட்கமில்லாமல் பச்சைப் பசேலென்று நிற்கின்றன. எனக்குப் புரிந்துவிட்டது. மண்ணுக்குள் இதுவரை இறங்கின விஷத்தையெல்லாம் நல்ல தண்ணீர் வெளியே தள்ளுகிறது. பேதி மருந்து குடித்தால் முதலில் வயிறு கலங்காதா? அதனால் இரண்டு குடமாக்கினேன்.

உச்சிக் கொழுந்தும் உதிர்ந்த அன்றைக்குத்தான் அவர் ரிப்பனைப் பார்த்திருக்கிறார். கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, அன்றும் கோபம் இல்லை. அழுகிற மாதிரி இருந்தார்.

"என்ன தண்ணி ஊத்தின?"

"உங்க தண்ணி இல்ல."

"என்ன தண்ணின்னு கேட்டேன் பிரமிளா."

"சுத்தமான தண்ணி. அப்படி ஒண்ணு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

"அடியில மண்ணு வெள்ளையா பூத்திருக்கு. எம் பிள்ளை பேர் எழுதின மரத்தைக் கொன்னுட்டியே" என்றார்.

"எம் பிள்ளையையே கொன்னுக்கிட்டு இருக்கீங்க, மரத்துக்கு அழுறீங்க!" என்று கத்தினேன். அவர் பிள்ளையைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். "நீ இவளை எதுல..." என்று ஆரம்பித்தார். நான் பேசவிடவில்லை. காதைப் பொத்திக்கொண்டேன். அந்தத் தண்ணீருக்கு வக்கீலாக ஒரு வார்த்தை இனி இந்த வீட்டில் பேசக்கூடாது என்றேன்.

அவர் போய் அந்தக் கன்றுக்கு மறுபடி குழாயைச் செருகி, வாளி வாளியாக அவர் தண்ணீரைக் கொட்டி மண்ணை அலசினாராம். மதினி சொன்னாள்.

வைகாசியில் என் தம்பி வந்து அம்மா ஊர்க் கோயில் கொடைக்குக் கூட்டிப்போனான். பத்து நாள் இருந்தேன். நம்பமாட்டீர்கள் அக்கா, அந்தப் பத்து நாளில் பிள்ளை பூவாகிவிட்டாள். செதில் உதிர்ந்தது, வெடிப்பு மூடியது, விழுந்து விழுந்து சிரித்தாள். இத்தனைக்கும் அங்கே நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அவசரத்தில் மெஷின் தண்ணீர்கூடக் கொண்டுபோகவில்லை. அம்மா சும்மா தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் கடலைமாவு தேய்த்து ஊற்றினாள். அதற்கே அப்படி! அந்த மரக் காற்று இல்லாததால்தான். அவர் கை படாததால்தான். வேறென்ன?

திரும்பி வந்தேன். திரும்பியிருக்கக்கூடாது. வந்த அன்றே பிள்ளையை நன்றாகக் குளிப்பாட்டினேன், பஸ் அழுக்குப் போக ரெண்டு தடவை. நாலாம் நாள் கழுத்தில் சிவப்பு. ஒரு வாரத்தில் பழையபடி. இல்லை, பழையதைவிட மோசம். இப்போது பால் குடிக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுகிறாள். எடை குறைந்துவிட்டாள். தூக்கிப் பாருங்கள்... வேண்டாம், தூங்கட்டும்.

முந்தாநாள் மதினி அவரிடம் பேசுவது சுவர் வழியாகக் கேட்டது. "இவளுக்குப் புத்தி பிசகிப்போச்சுடா. பிள்ளைய கொஞ்ச நாள் எங்கிட்டக் குடு. இவளை ஆத்தா வீட்டுல கொண்டுபோய் விடு." அவர் மறுத்துச் சொல்லவில்லை அக்கா. எனக்கு உயிரே போய்விட்டது. அந்த வீட்டு முற்றத்தில், கோழி மேய்கிற மண்ணில், என் பிள்ளையைப் புரளவிட்டு வளர்ப்பாள். அந்த மரக்காட்டுக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். பிள்ளையை என்னிடமிருந்து பிரித்தால் ஒரு மாதம் தாங்குவாளா இவள்? நீங்களே சொல்லுங்கள். யார் இவளை மூன்று வேளை கழுவுவார்கள்?

அதனால்தான் கிளம்பினேன். பிள்ளை, மாற்றுத் துணி நாலு, களிம்பு, அப்புறம் உங்கள் காலடியில் இருக்கிறதே அந்த இரண்டு கேன். இடிக்கிறதா அக்கா? மன்னித்துக்கொள்ளுங்கள். போன தடவை கொண்டுபோகாமல் போய்விட்டேன், ஏதோ தெய்வாதீனமாகப் பிள்ளை தேறினாள். இந்தத் தடவை எந்த வம்பும் வேண்டாமென்று கையோடு கொண்டுவந்திருக்கிறேன். கண்டக்டர் லக்கேஜ் போடுவேன் என்றான். போட்டுக்கொள் என்றேன். இது தீர்ந்ததும் தம்பியை விட்டு அங்கே அந்த மாதிரி மெஷின் எங்கே இருக்கிறதென்று பார்த்து, பின்குழாய்த் தண்ணீர் கேட்டு வாங்கச் சொல்லணும்.

இல்லை, பின்னால் ஒரு பைக் வருகிறதா என்றுதான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். அவருக்கு வேறெங்கும் போகத் தெரியாது, பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வருவார். போனை அணைத்துவிடலாம்தான். ஆனால் அணைத்துவிட்டால் அவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

எழுந்துவிட்டாள். ஓ, ஓ, ஓ. அழாதே கண்ணு, அழாதே. வேர்வை பட்டால் எரியும் அவளுக்கு. அக்கா, ஓர் உதவி. அந்தச் சின்னக் கேனைத் திறந்து இந்தத் துணியை நனைத்துத் தருகிறீர்களா? நன்றாக நனையுங்கள், தாராளமாக. கழுத்து மடிப்பில் வைத்தால்... பாருங்கள், எப்படித் திமிறுகிறாள். வைத்ததும் இப்படித்தான் வீரிடுவாள். கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளணும், மருந்து என்றால் எரியத்தானே செய்யும். ஆச்சு, ஆச்சு. உதட்டில் ஒரு சொட்டுப் பட்டால் போதும், மூஞ்சியை எப்படிச் சுளிக்கிறாள் பாருங்கள்! மூக்கு சுருங்கி, நாக்கை வெளியே தள்ளி. அப்படியே அவள் அப்பாதான்.

உங்களுக்கு வேர்த்து ஊற்றுகிறதே. ஷட்டரை இறக்கச் சொல்லி உங்களை நான்தான் படுத்துகிறேன். தாகமா? அட, இதைக் குடியுங்கள் அக்கா. கூச்சப்படாதீர்கள், இரண்டு கேன் இருக்கிறது. நான் கொதிக்கவைக்காமல் எதையும் நாக்கில் வைக்கமாட்டேன், அது என் பழக்கம். நீங்கள் குடியுங்கள். மெஷின் தண்ணீர்.

ஏன் அக்கா?

ஏன் துப்பிவிட்டீர்கள்?

டெட்டாலா? இல்லையே, அதில் இன்னும் ஒன்றும் கலக்கவில்லை. அப்படியே குழாயில் பிடித்ததுதான்.

ஏன் அக்கா முகத்தை அப்படி... பாப்பா மாதிரியே... மூக்கைச் சுருக்கி... ஏன் என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்? என்னவென்று சொல்லுங்கள். பிள்ளையைப் பார்க்காதீர்கள், என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கேனைக் கொடுங்கள். இப்படிக் கொடுங்கள்.

...

அக்கா.

நாக்கில் உப்புக் கரிக்கிறது. அந்தத் துணியை எடுத்துவிடுங்கள். பிள்ளை கழுத்திலிருந்து. உங்கள் முந்தானையால் துடையுங்கள் அக்கா, மெதுவாக. அழுத்தாமல். உங்கள் கை பட்டால் பரவாயில்லை, யார் கை பட்டாலும் பரவாயில்லை, துடையுங்கள்.

போன் அடிக்கிறது. அவர்தான். பைக்குள் இருக்கிறது, நீங்களே எடுத்துப் பேசுங்கள். எந்த பஸ், எந்த ஊர் தாண்டியிருக்கிறோம், எல்லாம் சொல்லுங்கள்.

என்னால் எடுக்க முடியாது அக்கா. என் கை ஈரமாக இருக்கிறது.